இருபத்தாறு இழை

அவரிடம் பஸ் வருமா என்று கேட்டால், வரும் என்று சொல்ல மாட்டார்.

"நேத்து ஏழு இருபதுக்கு வந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை ஏழு நாப்பது."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இன்னும் வரல."

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவரோடு ஐந்து கோடைகாலம் நின்றிருக்கிறேன். "இப்ப வந்துரும்" என்று நாமெல்லாம் யோசிக்காமல் சொல்கிறோமே, அது ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்திருந்தால் என் நாட்குறிப்பில் இருக்கும்.

அவர் மலை ஓடைகளை ஆராய்ச்சி செய்தவர். தண்ணீருக்குள் கல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற சின்னஞ்சிறு பூச்சிகளை எண்ணி, அதை வைத்து ஓடையின் நிலைமையைச் சொல்கிற வேலை. தென்காசிப் பக்கத்துக்காரர். ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். நான் முதலில் பார்த்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது, என்னைவிட மூன்று வயது மூத்தவர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்டால், சம்மதமா இல்லையா என்று சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொள்வார்.

நான் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை ஒன்றில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். தறியிலிருந்து இறங்குகிற துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று லென்ஸ் வைத்து எண்ணுவேன். பத்து வருஷத்துக்கு முன் ஒரு மதியம் கையில் கிழிந்த வலையோடு எங்கள் ஆலைக்கு வந்தார். ஓடையில் பூச்சி பிடிக்கிற வலை. வெளியூரிலிருந்து புதியது வருவதற்குள் கோடை போய்விடும், அதே அளவுக்குக் கண் உள்ள துணி கிடைத்தால் தைத்துக்கொள்வேன் என்றார்.

மேனேஜர் வலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரிதாம்மா நம்ம காடாத் துணி. எம்புட்டு வேணுமோ கிழிச்சுக்கிடுங்க" என்றார்.

"மாதிரி வேண்டாம் சார். ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழைன்னு சொல்லுங்க."

நான் தலை நிமிர்ந்தது அப்போதுதான். இருபத்திரண்டு வருஷ வேலையில் வெளியாள் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எண்ணி, இருபத்தெட்டு என்றேன்.

"ஒரே இடத்துலயா எண்ணினீங்க?"

"மூணு இடத்துல."

"ஓரத்துல?"

"ஓரத்துல எண்ணக் கூடாது மேடம். அங்க இழை நெருக்கமா ஓடும்."

பையிலிருந்து நோட்டை எடுத்து, 'ஓரத்தில் எண்ணக் கூடாது' என்று எழுதிக்கொண்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை என்று கேட்டார்.

அந்த வாரமே போனேன். "ஒனக்கெதுக்கு இந்த வேல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, துணி தண்ணீரில் சுருங்குகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்றேன். "சரிதான். ஒன்னைய மாதிரி இன்னொண்ணு கெடச்சிருச்சாக்கும்" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, மினி பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் இன்னும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடைகள் இறங்குகின்றன. வடக்கோடை, தெற்கோடை என்று நாங்கள் சொல்வோம். வடக்கோடையின் மேலே ஒரு பழைய தடுப்பணை உண்டு. அதில் தேங்குகிற தண்ணீர் முழுவதும் குழாயில் போய்விடும்; பழைய சுவரின் கசிவு மட்டும் கீழே விட்டுவிட்டு ஓடும். தெற்கோடையில் அணை கிடையாது. மலையில் ஊறுகிற தண்ணீர் அப்படியே இறங்கி, அழகர்சாமி அண்ணனின் மாந்தோப்பைத் தொட்டுக்கொண்டு கண்மாய்க்குப் போகும்.

அழகர்சாமி அண்ணன் தோப்பில்தான் எங்கள் தூக்குவாளியும் செருப்பும் இருக்கும். மேடத்தைக் கிண்டல் செய்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. கிண்டல் செய்துகொண்டே வலையைச் சுமந்து வருவார்.

வேலை இதுதான். ஓரடிக்கு ஓரடி இரும்புச் சட்டத்தை ஓடையின் தரையில் வைத்து, அதற்குக் கீழ்ப்பக்கம் வலையைப் பிடிக்க வேண்டும். சட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தால், ஒட்டியிருக்கிற பூச்சிகள் தண்ணீரோடு வலைக்குள் போய்விடும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டி அவர் எண்ணிச் சொல்வார். பாறையில் உட்கார்ந்து நான் எழுதுவேன். எண்ணிய பிறகு, மாதிரிக்கு ஒன்றிரண்டைக் குப்பியில் போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் ஓடையிலேயே விட்டுவிடுவார். கல்லையும் எடுத்த குழியிலேயே, எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கம் கீழே வரும்படி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் மறுபடி எடுக்கச் சொல்வார்.

"மேடம், முந்தாநாளு யான வந்து நாப்பது கல்லைப் பெரட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு. அதுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க" என்றார் அழகர்சாமி அண்ணன்.

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"நான் என்ன யானைக்கு பஸ் ஸ்டாண்டா வச்சிருக்கேன், டயம் பாத்துச் சொல்ல?"

மேடம் சிரித்தார். ஆனாலும் நோட்டில் எழுதினார்: யானை, நேரம் தெரியாது.

பூச்சிகளுக்கு எங்களுக்குப் புரிகிற பெயர்களை வைத்திருந்தார். மூணு வால், ரெண்டு வால், கூடு கட்டுறது. அதில் ரெண்டு வால்தான் முக்கியம். குளிர்ந்த தண்ணீர், விடாத ஓட்டம், இரண்டும் இருந்தால்தான் அது இருக்கும். ஓட்டம் குறைந்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

"தண்ணி ஓடுதா இல்லையான்னு என் கண்ணே சொல்லுதே. அதுக்குப் பூச்சி எதுக்கு?" என்று அழகர்சாமி அண்ணன் கேட்டார்.

"உங்க கண்ணு இன்னைக்கு ஓடுறதைச் சொல்லும். ரெண்டு வால் ஒரு வருஷமா தண்ணிக்குள்ளயே கெடந்து வளருது. நடுவுல ஒரு பத்து நாள் ஓட்டம் நின்னிருந்தாலும் அது செத்திருக்கும். அதனால அது சொல்றது ஒரு வருஷத்துக் கதை."

வடக்கோடையில் ரெண்டு வால் இல்லை. தெற்கோடையில் இருந்தது. இரண்டு ஓடைக்கும் ஒரே மலை, ஒரே மழை. அணையும் குழாயும்தான் வித்தியாசம். முதல் கோடையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"தொடர்ந்து அஞ்சு கோடை பாக்கணும். அதுல மழை பொய்க்கிற வருஷம் ஒண்ணாவது வரணும். இல்லன்னா, மழை குறைஞ்சதால போச்சா, அணையால போச்சான்னு கேட்டா என்கிட்ட பதில் இருக்காது."

எனக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடமும் அன்றைக்குத்தான். எண்ணிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் கட்டத்தில் பூஜ்யம். எண்ணவே இல்லை என்றால் கோடு. நான் ஓரிடத்தில் கோட்டுக்குப் பதில் பூஜ்யம் போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கவனித்துவிட்டு, ஆடுகிற பஸ்ஸிலேயே திருத்த வைத்தார். "பூஜ்யம் போட்டா நாம பாத்தோம்னு அர்த்தம், செல்வி. பாக்காத எடத்துல நாம பூஜ்யம் போடக் கூடாது."

இதே குணத்தை அவர் எல்லாவற்றிலும் வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காரர் ஒரு கரண்டி கொடுத்து "எப்படிம்மா இருக்கு?" என்றார். எதிரில் உள்ள கடையிலும் சாப்பிட்டால்தான் சொல்ல முடியும் என்றார் இவர். அந்தக் கடைக்காரர் முகத்தை நான் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து அந்தக் கடைத் தெருவை விட்டு வேறு தெரு வழியாகத்தான் நடந்தோம். ஒரு தினசரி நிருபர் கண்மாயில் மீன் செத்து மிதந்தபோது இவரைத் தேடி வந்தார். "மீன் செத்திருக்கு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றார். நிருபர் வேறு யாரிடமோ போனார். அந்த யாரோ மூன்று காரணங்கள் சொன்னார், படமும் வந்தது. இவரோடு படித்தவர்கள் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். இவர் மூன்று வருஷத் திட்டம், இரண்டு வருஷத் திட்டம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டு, கட்டிலுக்கு அடியில் பூச்சிக் குப்பிகளை அடுக்கிவைத்துக்கொண்டு அந்த மாடி அறையில் இருந்தார். எழுதி வெளியிட வேண்டியதெல்லாம் 'இன்னும் ஒரு கோடை'க்காகக் காத்துக் கிடந்தது.

கிளம்பும்போது எல்லோரும் "போயிட்டு வாரேன்" என்றுதானே சொல்வோம். அவர் "போறேன்" என்பார். அழகர்சாமி அண்ணன் மனைவிக்கு அது பொறுக்காது. "போறேன்னு சொல்லாதீக மேடம். நல்லாவா இருக்கு? வாரேன்னு சொல்லுங்க."

"வருவேனான்னு தெரியலயேம்மா."

"தெரியாட்டி என்ன, சொல்லுங்க. யாரு வந்து ரசீது கேக்கப் போறா?"

சொல்ல மாட்டார். சிரித்துவிட்டுப் படலைத் தாண்டிப் போவார்.

இப்படி எழுதினால் அவர்மீது எனக்கு எரிச்சல் மட்டும்தான் என்று தோன்றும். அப்படி இல்லை. இரண்டாவது வருஷம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டிலும் ஆலையிலும் எல்லோரும் "ஒண்ணும் இருக்காது" என்றார்கள். ஒவ்வொரு 'இருக்காது'வுக்குப் பிறகும் கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவர் மட்டும், "எனக்குத் தெரியாது செல்வி. ரிசல்ட் வர்ற வரைக்கும் கூட இருக்கேன்" என்றார். நான்கு நாள் ஓடைக்குப் போகாமல் என் வீட்டில் வந்து உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் எழுதினார். அந்த நான்கு நாளும் நான் தூங்கினேன். ஐந்தாம் நாள் கெடுதலான கட்டி இல்லை என்று வந்தது. காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் என் கையைப் பிடித்தார்.

மூன்றாவது கோடையில் வழுக்குப் பாறையில் கால் இடறி விழுந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு. மருத்துவர் "எலும்பு ஒடஞ்சிருக்கும் போல" என்றதற்கு, எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று வலியோடு சண்டை போட்டார். அந்த வருஷம்தான் மழை பொய்த்திருந்தது. அவர் காத்திருந்த வருஷம். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையும் அழகர்சாமி அண்ணனையும் அனுப்பினார். அந்தக் கோடை முழுக்க நானும் அண்ணனுமாக எண்ணினோம். அண்ணன் கல்லைத் திருப்பி வைக்கும்போது, "இந்தப் பக்கந்தானத்தா கீழ இருந்துச்சு? அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய மாவுக்கட்டு போட வச்சிருவாக" என்பார்.

அவ்வளவு வறட்சியிலும் தெற்கோடை மெலிந்து ஓடியது. ரெண்டு வால் இருந்தது. வடக்கோடையின் கசிவுத் தண்ணீரில் ஒவ்வொரு கட்டத்திலும் பூஜ்யம். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் கண் கலங்கியது. "நல்ல வருஷம்" என்றார். மழை பொய்த்த வருஷத்தை நல்ல வருஷம் என்று சொன்ன ஆளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நாலாவது வருஷம் தெற்கோடையிலும் தடுப்பணை கட்டிக் குழாய் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊருக்குக் குடிதண்ணீர். அழகர்சாமி அண்ணனுக்கு அதில் மறுப்பு இல்லை.

"ஊருக்குத் தண்ணி வேண்டாம்னு சொல்ல நான் யாரு? அம்புட்டையும் எடுக்காதீகன்னுதான் கேக்கேன். அணையோட அடியில ஒரு ஓட்ட விடச் சொல்லுங்க மேடம். எப்பவும் தொறந்தே கெடக்கட்டும். என் மரத்துக்கும் வேணும்ல, உங்க பூச்சிக்கும் வேணும்ல."

"அஞ்சாவது கோடை முடியட்டும். சொல்றேன்" என்றார் மேடம்.

சொல்றேன் என்று அவர் சொன்னதே பெரிய விஷயம். அண்ணன் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மேடம் பேசப் போகிறார், மேடம் சொன்னால் அதிகாரிகள் கேட்பார்கள் என்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் நம்பினார்கள். ஐந்தாவது கோடையும் நல்லபடியாக முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. இவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். அந்த நாட்களில் அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "சொல்லிரலாம் செல்வி" என்றார். அதை நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால், ஒவ்வொரு கோடையிலும் வலைக்குத் தைத்த துணியில் எத்தனை இழை என்று கேட்டார். அறிக்கையில் போட வேண்டுமாம். இருபத்தெட்டு என்று ஐந்து தடவை எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கொரு பழக்கம் உண்டு: ஒவ்வொரு வலை தைக்கும்போதும் ஒரு துண்டுத் துணியை நாட்குறிப்பில் ஒட்டி வைப்பேன். எழுதிக் கொடுப்பதற்கு முன் லென்ஸை எடுத்து அந்தத் துண்டுகளை எண்ணினேன். முதலாவது இருபத்தெட்டு. இரண்டாவது இருபத்தெட்டு. மூன்றாவது இருபத்தாறு.

மூன்று இடத்தில் எண்ணினேன். பிறகு இன்னும் மூன்று இடத்தில். இருபத்தாறுதான். நாலாவதும் ஐந்தாவதும் இருபத்தெட்டு. எப்படி நேர்ந்தது என்பதும் நாட்குறிப்பிலேயே இருந்தது. பழைய துணி நைந்துபோய், அவசரமாகப் புதிது கிழித்த நாள். துணிச் சுருளில் இருந்த லேபிளில் இருபத்தெட்டு என்று போட்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எண்ணாமல் எடுத்துக்கொண்டேன். ஆயிரம் லேபிளைத் தப்பென்று திருப்பி அனுப்பியவள், அன்றைக்கு ஒரு லேபிளை நம்பினேன்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் நாள் ஆலை முடிந்து நேரே மாடி அறைக்குப் போய் நாட்குறிப்பை அவர் முன்னால் வைத்தேன். லென்ஸை வாங்கி அவரும் எண்ணினார். ஓரத்தில் எண்ணவில்லை.

"ரெண்டு இழைதான மேடம். அதுவும் ரெண்டு ஓடைலயும் அதே துணிதான் வச்சோம்."

"இழை குறைஞ்சா கண்ணு பெருசாகும். வடக்கோடையில ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க. நெசமாவே இல்லாம இருந்துச்சா, இல்ல சின்னச் சின்னதா இருந்து துணிக் கண்ணு வழியா நழுவிப் போச்சா?"

"நழுவியிருக்காது."

"எனக்கும் நழுவியிருக்காதுன்னுதான் தோணுது. ஆனா தோணுறதை எழுத முடியாது."

அடிக்கோல் எடுத்தார். மூன்றாவது கோடையின் ஒவ்வொரு கட்டத்திலும், எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். மொத்தம் ஏழு பக்கம். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு பக்கமும் என் கையெழுத்து.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். வரைபடத்தை விரித்துவைத்து, எல்லோரையும் பேசவிட்டார். அழகர்சாமி அண்ணன் எழுந்து, "நாங்க படிக்காதவுக. எங்களுக்காக மேடம் பேசுவாக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

"மேடம், ரொம்ப விளக்கம் வேண்டாம். மேல தண்ணிய முழுசா எடுத்தா கீழ ஓடை செத்துரும்னு உங்க ஆராய்ச்சி உறுதியாச் சொல்லுதா? ஆமான்னா, அணைக்கு அடியில ஒரு குழாய் எப்பவும் தொறந்திருக்கணும்னு இன்னைக்கே குறிப்பு எழுதுறேன். பிளான்ல சேக்குறது என் பொறுப்பு."

மேடம் எழுந்து மைக்கை வாங்கினார். முன்வரிசையில் அண்ணன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நடக்கப் பழகும் பிள்ளையை அழைப்பதுபோல.

"பார்த்த வரைக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா உறுதின்னு சொல்ல ஒரு கோடைக் கணக்கு குறையுது" என்றார்.

"அப்ப உறுதியில்லயா?"

"இன்னைக்கு உறுதியில்ல."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் மூடியைத் திருகியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஏழு பக்கத்தின் நகல் என் மடியில் இருந்த பையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன சொல்வேன்? துணி என்னுடையது, தப்பு என்னுடையது, பூச்சி மட்டும் அவருடையது என்றா?

மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் அண்ணன் நின்றார். டீ வாங்கவில்லை.

"ஒரே ஒரு வார்த்தைதான மேடம்."

"அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டு, நாளைக்கு எவனாவது நோட்டைப் பாத்து துணி வேறன்னு கண்டுபிடிச்சா, இந்த ஓடையைப் பத்தி அதுக்கப்புறம் நான் சொல்ற எதையும் யாரும் கேக்க மாட்டாங்கண்ணே."

"இப்ப மட்டும் ரொம்பக் கேட்டுக்கிட்டாகளாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஓர் அணையின் அடியில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான் கேட்டது. அதற்காக யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்ததைச் சொல்லச் சொன்னார்கள்.

"நான் அந்தத் துணியைக் காட்டாமலே இருந்திருக்கணும்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க காட்டுனதாலதான் உங்க மத்த நாலு கோடையையும் நான் நம்புறேன்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு அன்றைக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அடுத்த வருஷம் அணை கட்டினார்கள். அடியில் ஓட்டை இல்லாமல். அவருடைய திட்டக் காலமும் முடிந்திருந்தது. குப்பிகளை மரப்பெட்டியில் வைத்து, இடைவெளிகளில் எங்கள் ஆலைக் கழிவுப் பஞ்சை அடைத்து வேனில் ஏற்றினோம். மூன்றாவது துணித் துண்டை மட்டும் என் நாட்குறிப்பிலிருந்து பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தச் சுருளில் மிச்சமிருந்த ஒன்றரை மீட்டரையும் ஆலையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வண்டி கிளம்பும்போது, எதிர்பார்த்தபடியே, "போறேன் செல்வி" என்றார். நான் சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோடையில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே அவருடைய அறிக்கை, அச்சிட்டுக் கட்டியது. கடிதம் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு பாகம், பின்பக்கம் தமிழில் அவரே எழுதிய ஒரு பாகம். வரிசையாகப் படித்தேன். முடிவு என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'தெற்கோடையில் நீர் முழுவதையும் எடுத்தால் அணைக்குக் கீழே ஓடை கோடையைத் தாண்டாது. இதில் ஐயமில்லை.' ஐயமில்லை என்ற சொல்லை அவர் எழுதி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எப்படி உறுதி வந்தது என்பது கடைசியில் ஒரு பின்னிணைப்பில் இருந்தது. இருபத்தெட்டு இழைத் துணியிலும் இருபத்தாறு இழைத் துணியிலும் இரண்டு வலை தைத்து, வேறொரு மலையில் வேறொரு ஓடையில் இரண்டு கோடை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ரெண்டு வாலில் ஆகச் சின்னதுகூட இரண்டு துணியிலும் நின்றது. வேறுபாடு இல்லை. ஆகவே மூன்றாவது கோடையின் கணக்கு செல்லும் என்று எழுதி, என் ஏழு பக்கத்தையும், கோடுகளை எடுத்துவிட்டு, எண்களோடு சேர்த்திருந்தார். துணியைத் தவறாக எடுத்தது யார் என்று எழுதவில்லை. தவறைக் கண்டுபிடித்தது யார் என்று என் பெயரை எழுதியிருந்தார்.

புத்தகத்தை மூடி, ஓடைக்குக் கொண்டுபோகிற பழைய பையில் வைத்தேன். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன்.

அழகர்சாமி அண்ணன் ஓடைப் பக்கத்து மரங்களில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். மிச்சத்துக்கு டேங்கர் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு பேரும் தெற்கோடைக்குள் இறங்கி, பழைய இடத்திலேயே உட்கார்ந்தோம். கல்லெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. மேலே அணைச் சுவர் தெரிந்தது.

"என்னத்தா போட்டிருக்கு?"

அந்த வரியை வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன்.

"ஓட எங்க தாண்டுச்சு? அதான் போயிருச்சே" என்றார். பிறகு, "எம்புட்டுப் பெரிய ஓட்ட விட்டிருந்தாப் போதுமாம்? அதப் போட்டிருக்காகளா?"

போட்டிருந்தார். "நாலு அங்குலக் குழாய் போதுமாம்ணே."

அண்ணன் இரண்டு கைவிரல்களையும் வளைத்துச் சேர்த்து நாலு அங்குலத்துக்கு ஒரு வட்டம் பிடித்தார். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கி, அதன் வழியாக அணைச் சுவரைச் செத்த நேரம் பார்த்தார். கையை இறக்கினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காக" என்றார். "அவிய நல்லாருக்காகளா?"

"தெரியலண்ணே. கடுதாசி ஒண்ணும் இல்ல."

அண்ணன் போன பிறகு பழைய நோட்டை எடுத்தேன். இந்த வருஷத்துக்கு ஒரு பக்கம் கட்டம் போட்டு வைத்திருந்தேன், பழக்கம்தான். தெற்கோடை, ரெண்டு வால் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். உடனே அடித்துவிட்டேன். வலை வைத்து எண்ணிப் பார்த்து இல்லையென்றால்தான் பூஜ்யம். வலை வைக்கத் தண்ணீர் வேண்டும்.

கோடு போட்டேன்.